வெள்ளி ரூபாய்: கள்ளக் காசை விளிம்பில் தேடுவது

கோத்தகிரியிலும் குன்னூரிலும் பழைய வீடுகளில் டிரங்குப் பெட்டியை ஒழிக்கும்போது, அடியில் விரித்த காகிதத்துக்குக் கீழே ஒன்றிரண்டு வெள்ளி ரூபாய் அகப்படுவது இன்றும் நடக்கிறது. அந்தக் காசுகள் இந்த மலைக்கு வந்து சேர்ந்ததில் வியப்பு எதுவும் இல்லை. 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்ததும் நீலகிரி கிழக்கிந்தியக் கம்பெனியின் வசமானது. 1819இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மேலே ஏறி வந்தார். அதன்பின் காப்பித் தோட்டமும் சிங்கோனாவும் தேயிலையும் வந்தன, உதகமண்டலம் சென்னை மாகாணத்தின் கோடைத் தலைநகராயிற்று, மலை ரயில் 1899இல் குன்னூரையும் 1908இல் உதகையையும் தொட்டது. தோட்டக் கூலியாகவும் சிப்பாயின் சம்பளமாகவும் காய்கறி விற்ற பணமாகவும் மலைக்கு ஏறிய வெள்ளி ரூபாயில் ஒரு பகுதி கீழே இறங்கவில்லை. அது சேமிப்பாகவும் சீதனமாகவும் பெட்டிகளில் தங்கிவிட்டது.

அதே மலையில் இன்று வேறொரு வெள்ளி ரூபாயும் கிடைக்கிறது. சுற்றுலாப் பயணிகள் வண்டியை நிறுத்தும் சாலையோரத்தில் தேன் புட்டிக்கும் தைல புட்டிக்கும் நடுவே ஒரு துணியில் பரப்பி வைத்திருப்பார்கள்: விக்டோரியா ராணி, ஐந்தாம் ஜார்ஜ், ஏதோ ஒரு நவாபு, நடுவில் ஒரு ராமர் பட்டாபிஷேகம். அப்படி ஒரு துணியிலிருந்து சில ஆண்டுகளுக்கு முன் நானும் ஒரு ரூபாய் வாங்கினேன். எடை சரியாக இருந்தது, காந்தம் ஒட்டவில்லை, நகைக்கடையில் உரைத்துப் பார்த்து வெள்ளி என்றே சொன்னார்கள். ஆனாலும் அது கள்ளக் காசு. வெள்ளியா என்ற கேள்விக்கும் காசு உண்மையா என்ற கேள்விக்கும் உள்ள தூரத்தை அந்த ஒரு ரூபாய்தான் எனக்குக் காட்டியது. இந்தக் கட்டுரை அந்த தூரத்தைப் பற்றியது.

காசை நோட்டம் பார்ப்பது தமிழ்நாட்டுக்குப் புதிய தொழில் அன்று. நாணயத்தின் தரம் ஆய்பவரைச் சங்க காலத்தில் வண்ணக்கன் என்றார்கள். புலவர் சிலரின் பெயரோடு அச்சொல் ஒட்டியிருப்பதை இன்றும் காணலாம். பிற்காலத்தில் நோட்டக்காரர் வந்தார், காசு மாற்றித் தரும் சராப்புக் கடை வந்தது. காசு அடிக்கும் இடத்துக்கு அக்கசாலை, கம்பட்டம், உலோகத்தின் தூய்மைக்கு மாற்று, காசு மாற்றும்போது பிடிக்கும் கழிவுக்கு வட்டம் என்று இத்தொழிலுக்கு வேண்டிய சொற்கள் எல்லாம் நம்மிடம் உள்ளன. காசுக்கும் நேர்மைக்கும் நாணயம் என்ற ஒரே சொல்லை வைத்த மொழி இது. சொற்கள் நின்றன, பார்க்கும் பழக்கம்தான் குறைந்தது. வெள்ளி ரூபாய் புழக்கத்தில் இருந்தவரை ஒவ்வொரு கடைக்காரரும் நாளுக்கு நூறு முறை அதைக் கையில் வாங்கிச் சுண்டிப் பார்த்தார். நமக்கு அந்தக் காசு வாழ்நாளில் பத்து முறை கையில் வந்தாலே அதிகம்.

முதலில் கள்ளக் காசு எதற்காகச் செய்யப்படுகிறது என்பதைப் பிரித்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் நோக்கம் மாறும்போது உலோகமும் மாறுகிறது. ரூபாய் புழக்கத்தில் இருந்த காலத்திலேயே அதைச் செலவழிப்பதற்காக அடித்த கள்ளக் காசுகள் உண்டு. ஈயமும் வெள்ளீயமும் கலந்து களிமண் அச்சில் வார்த்தவை, செம்பின் மேல் வெள்ளி பூசியவை ஆகியன அந்த வகை. அவற்றுக்கு நூறு வயதுக்கு மேலும் ஆகியிருக்கலாம். சேகரிப்பவர் சிலர் அவற்றைத் தேடியே வாங்குகிறார்கள். இரண்டாவது வகை, இன்றைய வாங்குபவருக்காக இன்று செய்யப்படுவது. இதில் மலிவானது, வெள்ளியே இல்லாத செம்பு-நிக்கல்-துத்தநாகக் கலவையான ஜெர்மன் சில்வரிலும் வெள்ளி முலாம் பூசிய பித்தளையிலும் வரும். விலையுயர்ந்தது நல்ல வெள்ளியிலேயே வரும். எங்கும் கிடைக்கும் ஆண்டு ரூபாயின் விலை அதிலுள்ள வெள்ளியின் விலையைச் சுற்றியே இருப்பதால், அதை வெள்ளியில் போலி செய்து லாபம் பார்க்க முடியாது. மட்ட உலோகத்தில் செய்தால்தான் கட்டும். அரிய ஆண்டுக் காசுக்கோ வெள்ளி விலையைப் போலப் பல மடங்கு கிடைக்கும். அங்கே பத்துப் பன்னிரண்டு கிராம் வெள்ளி போடுவது செய்பவருக்கு ஒரு செலவே ஆகாது. ஆகவே விலை ஏறஏற உலோகச் சோதனையின் பயன் குறைகிறது. நகைக்கடைக்குக் கொண்டுபோய்ச் சோதித்துவிட்டோம் என்று நிம்மதி அடைபவர்கள் கவனிக்கத் தவறுவது இதைத்தான்.

மூன்றாவது வகைக்கு மூலமே கிடையாது. ஒரு பக்கம் ராமர், சீதை, அனுமன், மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயர், 1616 என்றோ 1717 என்றோ 1818 என்றோ ஓர் ஆண்டு. கம்பெனி இப்படி ஒரு காசை ஒருபோதும் வெளியிட்டதில்லை. கோயில் டோக்கன் போலப் பக்திக்காக வைத்துக்கொள்வதில் தவறு ஒன்றும் இல்லை, ஆனால் அதைப் பழங்காசு என்று விற்பது பொய்.

உலோகச் சோதனை கடைசிச் சொல் அன்று என்றாலும் முதல் படி அதுவே, எனவே அளவுகளைச் சொல்லிவிடுகிறேன். 1835இல் இந்தியா முழுவதற்கும் ஒரே தரமான ரூபாய் வந்தது. அதன் எடை 180 கிரெயின், அதாவது ஒரு தோலா, இன்றைய கணக்கில் 11.66 கிராம். பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி; ஆசாரிகள் பேச்சில் சொன்னால் ஏறக்குறைய 91.7 டச். குறுக்களவு சுமார் 30.5 மில்லிமீட்டர். அரை ரூபாய் 5.83 கிராம், கால் ரூபாய் 2.92 கிராம், இரண்டணா 1.46 கிராம். நான்காம் வில்லியம் தொடங்கி ஆறாம் ஜார்ஜின் முதல் ஆண்டுகள் வரை இந்த அளவு மாறவில்லை. தேய்ந்த காசு சற்றுக் குறைவாக இருக்கும். தரமான எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் குறைந்த ரூபாயை ஏற்க வேண்டியதில்லை என்று 1906ஆம் ஆண்டு நாணயச் சட்டம் வரம்பு வைத்திருந்தது, அதாவது சுமார் 11.43 கிராம். இன்று கிடைக்கும் காசுகளில் அதற்கும் கீழே தேய்ந்தவை உண்டு, ஆனால் அப்படிப்பட்ட காசில் ராணியின் கன்னமும் கூந்தலும் வழவழப்பாகியிருக்க வேண்டும். எழுத்தும் மயிரிழையும் புதுக்கருக்குடன் இருக்க எடை மட்டும் 10 கிராம் என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம். ஜெர்மன் சில்வரில் அதே அகலத்திலும் கனத்திலும் ஒரு ரூபாய் அடித்தால் அது 9.8 கிராம் அளவுக்குத்தான் வரும். எடையைச் சரிக்கட்ட வேண்டுமானால் காசை ஐந்தில் ஒரு பங்கு தடிமனாக்க வேண்டும், அதை விரல் உடனே உணரும்.

எடையைவிட நம்பகமானது அடர்த்தி. இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டாம், 0.01 கிராம் வரை காட்டும் சிறிய டிஜிட்டல் தராசு போதும். ஒரு சிறு டம்ளரில் தண்ணீர் எடுத்துத் தராசின்மேல் வைத்து, அளவைப் பூஜ்யமாக்கிக்கொள்ள வேண்டும். காசை மெல்லிய நூலில் கட்டி, டம்ளரின் அடியையோ பக்கத்தையோ தொடாமல், முழுதும் நீரில் மூழ்கும்படி தொங்கவிட வேண்டும். நூலைக் கையில் பிடித்திருப்பதால் தராசு காட்டுவது காசின் எடையை அன்று, அது இடம்பெயர்த்த நீரின் எடையை. அதுவே கன சென்டிமீட்டரில் காசின் பருமன். 11.66 கிராம் எடையுள்ள நல்ல ரூபாய்க்கு இது 1.13 வரும். எடையை இதனால் வகுத்தால் 10.3 என்ற அடர்த்தி கிடைக்கும். அதே எடையில் செய்த செம்பு-நிக்கல் காசு 1.31 காட்டும், ஜெர்மன் சில்வர் 1.34 காட்டும். காசின்மேல் ஒட்டிய காற்றுக் குமிழிகளைத் தட்டிவிடாமல் பார்த்தால் நல்ல காசும் கெட்டதாகத் தெரியும், ஆகையால் மூன்று முறை பார்ப்பது நல்லது.

இந்தச் சோதனையிலும் ஓட்டைகள் உண்டு. ஈயம் வெள்ளியைவிடக் கனமானது, வெள்ளீயம் இலேசானது. ஐந்தில் நான்கு பங்குக்குச் சற்று மேல் ஈயமும் மீதி வெள்ளீயமும் கலந்தால் வெள்ளி ரூபாயின் அடர்த்தியே வந்துவிடும். அந்தக் காலத்துக் கள்ளக் காசுகளில் சில தராசில் தேறியதன் காரணம் இதுதான். ஆனால் அந்தக் கலவை மெத்தென்றிருக்கும், நகம் பட்டாலே கீறும், சுண்டினால் கல்லில் விழுந்த மரத்துண்டு போல ஒலித்து அடங்கும். நல்ல ரூபாயை விரல் நுனியில் நிறுத்தி இன்னொரு காசால் மெல்லத் தட்டினால் ஒலி மெலிதாக நீண்டு ஒலிக்கும். விரிசல் விட்ட காசும் வளையம் ஒட்டியிருந்த காசும் நல்ல வெள்ளியாயிருந்தும் ஒலிக்காது என்பதால் ஓசையை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

காந்தத்தைப் பற்றி ஒரு சொல். வெள்ளி காந்தத்தில் ஒட்டாது, ஆனால் ஒட்டாதவையெல்லாம் வெள்ளியும் ஆகா. செம்பும் பித்தளையும் ஈயமும் ஒட்டுவதில்லை. எதிர்த்திசையிலும் ஒரு தவறு நடக்கிறது. 1947ஆம் ஆண்டு ரூபாய் நிக்கலில் அடிக்கப்பட்டது, அது காந்தத்தில் பளிச்சென்று ஒட்டும். அதன் மறுபக்கத்தில் ஒரு புலி இருக்கும். அரசன் தலை இருப்பதால் வெள்ளி என்று நினைத்து, காந்தம் ஒட்டியதால் கள்ளம் என்று முடிவுகட்டி, உண்மையான காசைப் போலி என்று ஒதுக்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். அதேபோல 1940 முதல் ரூபாயில் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டது: 50 பங்கு வெள்ளி, 40 பங்கு செம்பு, நிக்கலும் துத்தநாகமும் ஐந்தைந்து. நீர்ச் சோதனையில் அது 1.13க்குப் பதில் 1.22 காட்டும். அது குற்றம் அன்று, அந்தக் காசின் இயல்பு.

நகைக்கடையில் உள்ள எக்ஸ்ரே கருவி பலருக்கும் நீதிமன்றத் தீர்ப்பு போலத் தெரிகிறது. அது காசின் மேற்புறத்தில் மிக மெல்லிய ஓர் அடுக்கை மட்டுமே படிக்கிறது. முலாம் கனமாக இருந்தால் முலாமைத்தான் வெள்ளி என்று சொல்லும். ஆனால் அதே கருவி வேறொரு நுணுக்கமான உதவி செய்யும். பழைய காலத்தில் வெள்ளியிலிருந்து பொன்னையும் ஈயத்தையும் முற்றிலும் பிரிக்கவில்லை, ஆகவே பழங்காசுகளில் அவற்றின் சிறு சுவடுகள் பெரும்பாலும் இருக்கும். சுத்தமான நவீன வெள்ளியும் செம்பும் மட்டும் காட்டும் பழங்காசு சந்தேகத்துக்குரியது. உருக்கிய பழைய வெள்ளியில் போலி செய்பவரை இது பிடிக்காது. உரைகல்லும் அமிலமும் இவ்விடத்தில் வேண்டவே வேண்டாம். அவை காசின் மேனியைக் கெடுக்கும், கெட்டபின் உண்மையான காசாக இருந்தாலும் சேகரிப்பவர் தொடமாட்டார்.

இனி விளிம்புக்கு வருகிறேன், ஏனெனில் முகத்தைவிட விளிம்பு அதிகம் சொல்லும் என்பது என் அனுபவம். குன்னூரில் ஒரு முதிய ஆசாரி காசைக் கையில் வாங்கியதும் தலையையோ எழுத்தையோ பார்க்காமல் நேராக ஓரத்தைத்தான் வெளிச்சத்தில் உருட்டுவார். அதன் காரணம் எனக்குப் பின்னால்தான் விளங்கியது. அக்கசாலையில் ரூபாய் ஒரே அழுத்தத்தில் பிறக்கிறது. மேலச்சும் கீழச்சும் வெள்ளித் தகட்டை நெரிக்க, அதே நொடியில் சுற்றியிருக்கும் வளையத்தில் வெள்ளி பிதுங்கிப்போய் விளிம்பின் வரிகள் பதிகின்றன. ஆகையால் வரிகள் ஒரே இடைவெளியில், ஒரே ஆழத்தில், முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும். வார்ப்புக் காசின் கதை வேறு. இரண்டு பாதி அச்சுகள் சேரும் இடத்தில் ஒரு மெல்லிய கோடு விளிம்பைச் சுற்றி ஓடும். உருக்கிய உலோகத்தை ஊற்றிய வாயை வெட்டிய இடத்தில் ஒரு தழும்பு இருக்கும். இரண்டையும் மறைக்க அரம் போடுவார்கள். அரம் போட்டால் வரிகள் அழியும், அழிந்தவற்றை மறுபடி கையால் வெட்டுவார்கள், கையால் வெட்டியவை ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் விலகியும் சாய்ந்தும் நிற்கும். முகத்தை எவ்வளவு அழகாகப் படியெடுத்தாலும் விளிம்பில் ஏதோ ஒரு விரலளவு இடத்தில் கை தடுமாறிய தடம் இருந்தே தீரும். இதனால்தானோ என்னவோ, கள்ளக் காசு விற்பவர் காசை அட்டையில் வைத்துப் பிளாஸ்டிக் மூடி தைத்துத் தருவார். அதில் இரண்டு முகங்களும் தெரியும், விளிம்பு தெரியாது. பிரித்துக் காட்ட மறுத்தால் வாங்காமல் வருவதே நல்லது. கள்ளக் காசுக்காரரின் வேலையை விளிம்பிலேயே கடினமாக்க முடியும் என்பது அரசுக்கும் தெரிந்திருந்தது. 1940இல் வெள்ளியைக் குறைத்தபோது, வரிகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தையும் ஓடவிட்ட பாதுகாப்பு விளிம்பை ரூபாய்க்குக் கொடுத்தார்கள்.

விளிம்புக்கு அடுத்தது எழுத்தின் அடி. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று போதும். அடித்த காசில் ஒவ்வோர் எழுத்தும் தளத்திலிருந்து சுவர்போல எழும். சுவரும் தரையும் சேரும் இடம் கூர்மையாக இருக்கும். வார்த்த காசில் அந்த இடம் மெழுகு வழிந்து நின்றதுபோல் குழைந்திருக்கும். தளத்தில் ஊசிமுனைக் குழிகள் தெரியும், எழுத்தின் உட்பக்கங்களில் சிறு சிறு உருண்டைகள் ஒட்டியிருக்கும். வெள்ளி ஆறும்போது சுருங்குவதால் நல்ல காசிலிருந்து எடுத்த அச்சில் வார்த்த நகல் மூலத்தைவிடச் சற்றுச் சிறுத்தும் இருக்கும். அதைக் காட்ட வெர்னியர் அளவுகோல் போதும்.

தேய்மானத்தையும் படிக்கத் தெரிய வேண்டும். கைமாறித் தேய்ந்த காசில் உயர்ந்த இடங்கள் முதலில் போகும்: கன்னம், காதுக்கு மேல் கூந்தல், கிரீடத்தின் முகடு. பள்ளங்களில் பழைய கருக்கு மிஞ்சியிருக்கும். எந்திரத்தில் போட்டு உருட்டிப் பழசாக்கிய காசில் மேடும் பள்ளமும் ஒரே அளவாக மழுங்கியிருக்கும். இன்னொரு நல்ல தடயம், ஒரே காயம் இரண்டு காசில் இருப்பது. உண்மையான காசு ஒன்றை மூலமாக வைத்து அச்சு எடுக்கும்போது அதன்மேல் தற்செயலாக விழுந்த கீறலும் அச்சோடு போய்விடும். பிறகு அடிக்கும் ஒவ்வொரு காசிலும் அந்தக் கீறல் அதே இடத்தில் வரும். ஒரே துணியில் பரப்பிய இரண்டு ரூபாய்களில் ராணியின் கழுத்தில் ஒரே இடத்தில் ஒரே வடிவக் கீறல் இருந்தால் வேறு சான்று தேட வேண்டியதில்லை. நான் வாங்கிய ரூபாய் அப்படித்தான் பிடிபட்டது. அதன் இரட்டையை ஓராண்டு கழித்து வேறொருவர் கையில் கண்டேன்.

வரலாறு தெரிந்தவருக்கு லென்ஸும் தேவைப்படாத இடங்கள் உண்டு. 1840ஆம் ஆண்டு விக்டோரியா ரூபாயில் ராணியின் தலையில் கிரீடம் கிடையாது, மறுபக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயர் இருக்கும். 1862இல் கிரீடம் வந்தது, கம்பெனியின் பெயர் போய் இந்தியா என்ற பெயர் வந்தது. 1877 முதல்தான் ராணி என்பது பேரரசி ஆயிற்று. ஆகவே எம்ப்ரஸ் என்று எழுதிய 1862ஆம் ஆண்டுக் காசு இருக்க முடியாது. அப்படிப்பட்டவை விற்பனைக்கு வருகின்றன. 1862 என்ற ஆண்டையே பன்னிரண்டு ஆண்டளவு தொடர்ந்து பொறித்து வந்ததால் அந்த ஆண்டுக் காசு மிகச் சாதாரணமானது, முதல் ஆண்டுக் காசு என்று சொல்லி விலை ஏற்றுவதில் பொருள் இல்லை. ஏழாம் எட்வர்டின் ரூபாயில் அரசர் வெறுந்தலையோடு இருப்பார். பம்பாய் அக்கசாலையின் ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் மறுபக்கத்தின் அடிப்பூவுக்குக் கீழே ஒரு சிறு புள்ளி உண்டு, கல்கத்தாக் காசில் அடையாளம் ஏதும் இல்லை. சென்னை அக்கசாலை 1869இலேயே மூடப்பட்டது. தங்கசாலைத் தெரு என்ற பெயர்தான் மிஞ்சியது. எனவே சென்னையில் அச்சிட்ட ஜார்ஜ் ரூபாய் என்று யாராவது சொன்னால் அது நடக்காத காரியம்.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்த தடயம் 1911ஆம் ஆண்டு ரூபாயில் உள்ளது. ஐந்தாம் ஜார்ஜின் மார்பில் தொங்கும் சங்கிலியில் ஒரு யானை உருவம் உண்டு. அந்த ஆண்டு அதன் துதிக்கை குட்டையாக அமைந்துவிட, பார்த்தவர்களுக்கு அது பன்றியாகத் தெரிந்தது. எதிர்ப்பு எழுந்தது, காசைத் திரும்பப் பெற்றார்கள், 1912இல் துதிக்கையைத் தெளிவாக நீட்டி அச்சைத் திருத்தினார்கள். பன்றி ரூபாய் என்ற பெயர் நிலைத்துவிட்டது. இப்போது 1911 என்று ஆண்டு போட்ட காசில் யானை நல்ல யானையாக, நீண்ட துதிக்கையோடு இருந்தால், அது பிற்கால ஜார்ஜ் காசின் முகத்தைப் படியெடுத்து ஆண்டை மட்டும் மாற்றியது என்று பொருள்.

ஆண்டை மாற்றுவது என்றதும் 1939 நினைவுக்கு வர வேண்டும். ஆறாம் ஜார்ஜின் 1939ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய் மிக அரிது, 1938 எளிதில் கிடைக்கும். இரண்டுக்கும் ஓர் எண்தான் வேறுபாடு. எட்டின் கீழ்வட்டத்தில் இடப்பக்கத்தைச் சுரண்டி எடுத்தால் ஒன்பது ஆகிவிடும். இந்தக் காசில் வெள்ளி உண்மை, எடை உண்மை, விளிம்பு உண்மை, ஓசை உண்மை, பொய்யாக இருப்பது ஓர் எண்ணின் பாதி மட்டுமே. லென்ஸில் அந்த எண்ணைச் சுற்றியுள்ள தளத்தைப் பார்க்க வேண்டும். சுரண்டிய இடம் மற்ற தளத்தோடு ஒரே நிறத்தில் கறுத்திருக்காது, ஒளியைச் சாய்த்துப் பிடித்தால் மெல்லிய கோடுகளோ சிறு பள்ளமோ தெரியும். ஒன்பதின் வால் மற்ற ஒன்பதின் வாலோடு பொருந்துகிறதா என்பதை அதே ஆண்டெண்ணின் இரண்டாம் இலக்கத்திலேயே ஒப்பிடலாம்.

மேனி கறுப்பதைப் பற்றி நீலகிரியில் இருப்பவர் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கே தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் உண்டு, நடுவில் மூடுபனி உண்டு. ஈரத்தோடு காற்றிலுள்ள கந்தகம் சேர்ந்தால் வெள்ளி விரைவில் கறுக்கும். இயல்பாகக் கறுத்த காசில் நிறம் அடுக்கடுக்காக, விளிம்பிலிருந்து நடுவுக்கு மெல்ல மாறும். பழுப்பும் நீலமும் கலந்திருக்கும், பள்ளங்களில் அடர்ந்திருக்கும். கந்தகக் கரைசலில் முக்கிக் கறுப்பாக்கியது ஒரே சீராக மைபோல் படியும், நகத்தால் தேய்த்தால் சில சமயம் விரலோடு வந்துவிடும். நம் வீடுகளில் வெள்ளியைத் திருநீறு போட்டுத் துலக்குவது வழக்கம். குத்துவிளக்குக்கும் குங்குமச் சிமிழுக்கும் அது நல்லது. காசுக்கு அப்படிச் செய்யாதீர்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். துலக்கிய காசில் மயிரிழைக் கீறல்கள் நிறைந்துவிடும், அடித்தபோது உண்டான ஒளி போய்விடும், அதோடு அது உண்மைக் காசு என்பதற்கான சாட்சியில் பாதியும் போய்விடும்.

வளையம் ஒட்டிய காசுகளையும் இங்கே சேர்க்க வேண்டும். ரூபாயின் மாற்று உறுதியானது என்பதால் நகை செய்பவர்களுக்கு அதுவே வெள்ளிக் கட்டியாகப் பயன்பட்டது. கோர்த்து மாலையாகப் போட்டதும் உண்டு. வளையத்தை எடுத்துவிட்டு ஓரத்தை நிரப்பிய காசில் பன்னிரண்டு மணி இடத்தில் வரிகள் கலைந்திருக்கும், ஒட்டப் பயன்பட்ட பற்றாசின் வெளிறிய தடம் தெரியும். அது போலி அன்று, பழுதுபட்ட உண்மை. கழுத்தில் தொங்கிய அந்தக் காசைக் கள்ளம் என்று உருக்கக் கொடுத்துவிடுவது வருந்தத்தக்கது.

1835க்கு முந்திய காசுகளில் இந்த அளவுகோல்கள் அப்படியே செல்லா. கையால் சம்மட்டி கொண்டு அடித்த ஆற்காடு ரூபாயில் அச்சு பெரிது, தகடு சிறிது. எழுத்தில் பாதி தகட்டுக்கு வெளியே போயிருக்கும், விளிம்பில் வரிகள் இருக்கா. முழு எழுத்தும் நடுநாயகமாக விழுந்த காசைக் கண்டால் மகிழ்வதற்கு முன் ஐயப்படுவது தகும். அவற்றின்மேல் சராப்புகள் குத்திய சிறு முத்திரைகள் உண்டு, பூச்சுக்கு அடியில் செம்பு இருக்கிறதா என்று பார்ப்பதற்காகக் குத்தியவை. இப்போது அந்த முத்திரையையும் சேர்த்தே போலி செய்கிறார்கள். திப்புவின் வெள்ளிக் காசுகளுக்கு நீலகிரியில் தனி மதிப்பு உண்டு, அவருடைய ஆட்சிக்குள் இருந்த மலை என்பதால். இமாமி என்ற ரூபாயையும் ஹைதரி என்ற இரட்டை ரூபாயையும் போலி செய்வோர் தடுமாறும் இடம் ஆண்டெண். திப்பு மௌலூதி என்ற தனி ஆண்டுக் கணக்கைக் கைக்கொண்டு, அந்தக் கணக்கின் 1215ஆம் ஆண்டு முதல் இலக்கங்களை வலமிருந்து இடமாக எழுதச் செய்தார். அதை அறியாதவர் செய்த காசில் இலக்கங்கள் முன்பின்னாக மாறி வரும். கீழே கோயம்புத்தூர்ச் சமவெளியில் ரோமானிய வெள்ளித் தினாரிகள் குவியல் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. 1842இல் வெள்ளலூரில் 500க்கும் மேற்பட்டவை, பெரும்பாலும் அகஸ்டஸ், திபேரியஸ் பெயர்களில். அவற்றைப் பார்த்து அக்காலத்திலேயே இந்தியாவில் அடித்த நகல்களும் உண்டு. ரோமானிய அக்கசாலையில் பிறக்காததால் அவை போலி; ஆயினும் அவற்றுக்கும் ஈராயிரம் ஆண்டு வயது. இங்கே கள்ளம் என்ற சொல்லையே யோசித்துத்தான் பயன்படுத்த வேண்டியிருக்கிறது.

காசைச் சோதிப்பதற்கு முன் காசோடு வரும் கதையைச் சோதிக்கலாம். தேயிலைச் செடிக்குக் குழி வெட்டும்போது பானையில் கிடைத்தது என்பதுதான் நான் அதிகம் கேட்ட கதை. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் புதைந்து கிடைத்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். ஆகவே கதை மெய்யானால் வாங்குவது சட்டத்துக்கு மாறு, பொய்யானால் காசும் பொய். இரண்டு வழியிலும் வாங்குவதற்கு இடமில்லை. நூறாண்டு கடந்த காசு 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தொல்பொருள், அதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது என்பதை வெளிநாட்டு உறவினருக்குப் பரிசாக வாங்குபவர்கள் அறிந்திருக்க வேண்டும். அரிசியை இழுக்கும் காசு, கோடிக்கணக்கில் விலைபோகும் காசு என்ற மோசடியில் தமிழ்நாட்டில் பலர் வாழ்நாள் சேமிப்பை இழந்திருக்கிறார்கள். அரிசியில் இரும்புத் தூளைப் பூசிவிட்டால் எந்தக் காந்தமும் அதை இழுக்கும். பழங்காசை வாங்கித் தருகிறோம் என்று ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லி முன்பணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று அந்த வங்கியே 2021இல் அறிவித்தது.

தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே: முதலில் அரிய காசு எதையும் வாங்க வேண்டாம். பெட்டியிலிருந்து எடுத்த, வழிவழியாக வந்த வரலாறு தெரிந்த, தேய்ந்த, சாதாரணமான ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் ஒன்றை உறவினரிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 1918, 1919 போன்ற ஆண்டுக் காசுகள் ஏராளமாக அடிக்கப்பட்டவை. அதை ஒரு மாதம் கையில் வைத்துப் பாருங்கள், எடையும் ஓசையும் விளிம்பின் கரகரப்பும் விரலுக்குப் பழகும். பிறகு ஐயமான காசு வரும்போது இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து விளிம்புகளைச் சேர்த்துப் பாருங்கள். இதற்கு உச்சி வெயில் உதவாது, வெயில் காசின்மேல் பளபளத்துக் கண்ணைக் கூசச் செய்யும். மூடுபனி இறங்கிய காலையில் சன்னல் வழியே பக்கவாட்டில் விழும் மந்தமான வெளிச்சம் நல்லது. அதில் காசை மெல்ல உருட்டினால் வரிகளின் நிழல் ஒவ்வொன்றாக நகரும், நடுவில் எங்காவது ஒரு வரி சாய்ந்திருந்தால் அந்த நிழல் அங்கே தடுக்கும்.